இங்கிலீஷ்ல செட்டா (set) ரன்னா (run), எந்த வார்த்தைக்கு அர்த்தம் ஜாஸ்தி?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோட 1989 பதிப்புல செட்டுக்குதான் முதல் எடம், வினைச்சொல்லா மட்டும் 430 அர்த்தம், அப்புறம் திருத்தி எழுதுனப்ப ரன் 645-ன்னு தாண்டிப் போயிடுச்சு. ஆனா சிங்கப்பூர்ல நம்ம வாயில அதிகம் வர்றது எதுன்னா என் ஓட்டு செட்டுக்கு. காயா ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, கோப்பி மூணும் சேந்தா ஒரு செட், ஃப்ரிட்ஜ்ல வச்ச அகார் அகார் செட் ஆச்சான்னு அக்கா தட்ட லேசா ஆட்டிப் பாப்பாங்க, அலாரம் செட் பண்ணணும், கணக்குப் பாடத்துல செட் வேற, இதுல "எனக்கும் அவனுக்கும் செட் ஆகல"ன்னு சொல்றோமே அது நம்ம ஆளுங்க சொந்தச் சரக்கு.

ரன்னுன்னா என்எஸ் (தேசிய சேவை) பசங்களுக்கு ஐபிபிடிங்கற உடற்தகுதித் தேர்வுல 2.4 கிலோமீட்டர் ஓட்டம், அப்புறம் கிரிக்கெட், அவ்ளோதான்.

பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க மட்டும் ரன்னே பெட்டர், ஏன்னா மெஷின் ஓடுது, தண்ணி ஓடுது, கடை நல்லா ஓடுதுன்னு தமிழ்லயும் அதே ஓட்டம்தான், செட்டுக்கு அந்த வசதி கெடையாது, ஒவ்வொண்ணா உதாரணம் போட்டுத்தான் ஆகணும்.