ஈரக்கழிவுக்கு உரக்கூடமா, எரிவாயுக் கலனா?

சிறு நகராட்சி பசுங்குடில் வாயு உமிழ்வுக் குறைப்பைத் தொடங்கக் குப்பைக் கிடங்கே நல்ல இடம். அங்கே காற்றின்றி அழுகும் ஈரக்கழிவு மீத்தேனை விடுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

ஈரக்கழிவைக் கிடங்குக்கு அனுப்பாமல் மட்கவைத்து உரமாக்கும் நுண் உரக்கூடத்துக்குத் தொட்டி, கூரை, ஆட்கள் போதும். காய்கறிக் கழிவோடு காய்ந்த சருகைக் கலந்து கார்பன், நைட்ரஜன் விகிதத்தை 30:1 அருகே வைக்க வேண்டும். கலவையைக் கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறாவிட்டால், தவிர்க்க நினைத்த மீத்தேன் தொட்டியின் அடியிலேயே உருவாகும். மழையில் கூரை ஒழுகினாலும் அதே கதிதான்.

மூடிய தொட்டியில் கழிவைக் காற்றின்றி நொதிக்கவிட்டு, வரும் மீத்தேனை எரிபொருளாகப் பிடிக்கும் எரிவாயுக் கலன், ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 100 கன மீட்டர் வாயு தரும். பக்கத்தில் பெரிய சமையற்கூடம் இருந்தால் சிலிண்டர் மிச்சம். ஆனால் கலனுக்கு மென்மையான வயிறு. ஒரே நாளில் அளவுக்கு மீறிக் கொட்டினால் அமிலம் ஏறும், பிஹெச் (அமில-காரத்தன்மை அளவு) 6.5-க்குக் கீழே போனால் மீத்தேன் நுண்ணுயிர்கள் முடங்கும். தீனியை நிறுத்தி, சுண்ணாம்பும் சாணக் கரைசலும் ஊற்றித் தேற்ற வாரக்கணக்காகும். தேங்காய் மட்டை, பாலித்தீன் பை குழாயை அடைக்கும். மூடி கசிந்தால் மொத்த லாபமும் காற்றோடு போச்சு!

தரம் பிரிக்காத ஊருக்குக் கலன் வேண்டவே வேண்டாம். உணவகக் கழிவு தனியாக, தினமும் ஒரே அளவில் வருமென்றால் மட்டும் யோசிக்கலாம். உரத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: பூங்கா மண்ணில் இட்டால் கோடையில் ஈரம் தங்கும்.