லோரி போனால் இடி இடிக்கும்: என் பழைய ட்வின் ரிவர்ப்

பக்கத்துத் தோட்டத்து இசைக்குழுவில் கித்தார் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, ஒருத்தர் பழைய ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப்ளிஃபையர் விற்கிறார். விலையைக் குறைத்துவிட்டார். எடுக்கலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போனது. என்னுடைய ட்வினும் ரிப்பேருக்குப் போய் வந்ததுதான். கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

100 வாட், நான்கு 6எல்6 வால்வு (கண்ணாடிக் குழாய்), இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் என்பதெல்லாம் கேட்கிறவருக்கே தெரியும். என்னுடையது வெள்ளி முகப்பு, மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்துக்கான குமிழ்) உள்ள மாடல். டிரான்ஸ்பார்மரில் 606 என்று தொடங்கும் எண் அச்சாகியிருக்கும். 606 என்றால் ஷூமாக்கர் கம்பெனி செய்தது. அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், அதற்குப் பிறகு வாரம். என்னுடையதில் 3. மாஸ்டர் வால்யூம் 1972 வாக்கில்தான் வந்தது, ஆகவே இது 1973. வெள்ளி முகப்பை வைத்துக்கொண்டு "1963 சரக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். எரிச்சல் முழுக்க, ஓசைக்கு எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் ஸ்பிரிங்கைப் பற்றியது.

என் வீடு மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, தோட்டத்துக்குப் போகும் ரோட்டோரம். முன்பு பால்மரம் (ரப்பர்) நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை). குலை ஏற்றிய லோரிகள் ஆலைக்குப் போவதும் காலியாகத் திரும்புவதும் என் வாசல் வழியாகத்தான். வாசலுக்கு நேராக ஒரு வேகத்தடை வேறு. லோரி அதில் ஏறி இறங்கும்போது ஆம்ப்ளிஃபையரில் ரிவர்ப் திறந்திருந்தால் அறைக்குள் இடி இடிக்கும். காலி லோரிதான் இன்னும் மோசம். பின் கதவு ஆடுகிற ஆட்டத்துக்கும் ஒரு பதில் கொடுக்கும். இரவில் வாசிக்கலாம் என்றால் 100 வாட்டை அக்கம்பக்கம் பொறுக்காது. பகலில் வாசிக்கலாம் என்றால் லோரி விடாது.

இதைக் கம்பெனி மேல் போட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங் ரிவர்ப் எதுவானாலும் இப்படித்தான். கேபினட்டின் அடியில், ஒரு பைக்குள், ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளமுள்ள தகரத் தட்டு கிடக்கும், அதைத்தான் டேங்க் என்பார்கள். 12ஏடி7 வால்வு ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் வழியாக அதன் ஒரு முனையிலுள்ள கம்பிச் சுருளை ஓட்டுகிறது. அது சின்னக் காந்தத்தைத் திருப்புகிறது, அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியே போய் மறுமுனைக் காந்தத்தை அசைக்கிறது, அங்கே மறுபடியும் மின்சாரமாகிறது. வெளியே வருவது மிக மெல்லிய சிக்னல். அதனால் 12ஏஎக்ஸ்7 என்ற இன்னொரு வால்வு அதைப் பல மடங்கு பெருக்க வேண்டியிருக்கிறது. கித்தார் அசைத்த அசைவு எது, லோரி அசைத்த அசைவு எது என்று அந்த வால்வுக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மரியாதையோடு பெருக்கி அனுப்பும். உள்தட்டு நான்கு சின்ன ஸ்பிரிங்குகளில் தொங்குகிறதே என்று கேட்பீர்கள். அது கைபட்ட ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் தரை வழியே ஏறி வரும் கனமான, மெதுவான அதிர்வை வாங்கிக்கொள்ளாது.

இப்போது ரிப்பேர் கதை. பழைய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களை மாற்றத்தான் கடைக்குக் கொடுத்தேன். ஐம்பது வருடம் ஆன கெபாசிட்டரை இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் நம்பி ஓட்டுவது வீண் வேலை. கூடவே பயாஸையும் (வால்வுகளில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை) பார்க்கச் சொன்னேன். வெள்ளி முகப்பு மாடல்கள் பலவற்றில் அந்தக் குமிழ் இரண்டு பக்க வால்வுகளையும் சமப்படுத்த மட்டும்தான் செய்யும், மொத்த அளவைக் கூட்டவோ குறைக்கவோ விடாது. அதை முந்தைய கறுப்பு முகப்புக் காலத்து ஏபி763 சர்க்யூட் மாதிரி மாற்றிக் கட்டச் சொன்னேன். கடைக்காரர் அதைச் சுத்தமாகவே செய்தார், பாராட்டத்தான் வேண்டும். போகிற போக்கில் "ரிவர்ப்பில் ஏதோ சத்தம் வருகிறது" என்று சொல்லிவைத்திருந்தேன். பில்லில் "ரிவர்ப் சத்தம் சரி செய்யப்பட்டது" என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனியாக ஒரு தொகை. வீட்டுக்கு வந்து பின்பலகையைத் திறந்தால், டேங்க்குக்குப் போகும் இரண்டு வயரையும் பிடுங்கிச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறார்! சத்தம் சரியாகிவிட்டது, உண்மைதான். இந்தப் பக்கம் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் திறக்கத் தெரிந்தவர்களே குறைவு என்பதால் பெரிதாகச் சண்டை போடவும் முடியவில்லை. காசு கொடுத்தது மட்டும் வயிற்றெரிச்சல்.

அப்புறம் நானே இறங்கினேன். முதலில் டேங்க்குக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்துப் பார்த்தேன். லோரியின் இடி கொஞ்சம் கம்மியது, அவ்வளவுதான். பிறகு டேங்க்கை வெளியே எடுத்து, பலகையில் ஒரு பெட்டி அடித்து, மோட்டார் சைக்கிளின் பழைய டியூபை நாடாவாக அறுத்து அதில் ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டேன். (ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது கடைசியாகத்தான் தோன்றியது என்று என் வீட்டம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.) இடி முக்கால்வாசி போயிற்று. ஆனால் வயர் நீண்டதும் ஹம் என்கிற ரீங்காரம் உள்ளே வந்தது. டேங்க்கில் சிக்னல் நுழையும் பக்கம் நீளமான வயரைத் தாங்கும். வெளியே வரும் பக்கம் அப்படியில்லை, அதற்கு நல்ல ஷீல்டு வயர் வேண்டும். அதோடு அந்த முனை எந்த டிரான்ஸ்பார்மருக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. என் வீட்டில் அந்த இடத்தில்தான் வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் திருப்பி, ஸ்டெப்டவுனை அறையின் மறுமூலைக்குத் தள்ளிய பிறகுதான் அமைதி வந்தது.

ஸ்டெப்டவுன் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இது விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் விற்ற மாடல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் வருவது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் மாறப்போவதில்லை, ஆகவே டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் கூடுதலாகவே சூடாகும். ஸ்டெப்டவுன் 500 விஏ-வுக்குக் குறைவாக வேண்டாம். அதைவிட முக்கியம் எர்த். மலிவான ஸ்டெப்டவுன்களில் அமெரிக்கப் பாணியில் இரண்டு துளைதான் இருக்கும். எனக்கு முன் வைத்திருந்த ஆள் அதில் நுழைப்பதற்காகப் பிளக்கின் எர்த் காலையே ஒடித்துவிட்டிருந்தார். பின்னால் கிரவுண்ட் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. அதோடு சேர்ந்த கெபாசிட்டர் மின்கம்பி ஒன்றைச் சேஸியோடு (உலோகச் சட்டத்தோடு) இணைக்கிறது. அது கெட்டுப்போய், எர்த்தும் இல்லாமல் இருந்தால், கித்தார் கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் உதடு வைக்கிற பாடகருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் திருவிழா மேடையில், மழை பெய்து ஓய்ந்த தரையில் நின்று வாசிக்கிறவர்கள் நாம். எர்த் காலைப் போட்டு, அந்தக் கெபாசிட்டரை வெட்டி எறிந்த பிறகே முதல் தடவை வாசிக்க வேண்டும். நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

என்னிடம் வோக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட மார்ஷல் கேபினட் ஒன்றும் உண்டு. 1961ல் ஷேடோஸ் என்ற பிரிட்டிஷ் கித்தார் குழு சிங்கப்பூருக்கு வந்து போன பிறகு இந்த நாட்டில் கித்தார் பைத்தியம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் வாசித்தது வோக்ஸில். என் மாமா அந்தப் பைத்தியத்தில் இருந்தவர், எனக்கு வந்தது அவர் வழியாகத்தான். ஏசி30 பிரிட்டிஷ் சரக்கு, 240 வோல்ட்டுக்கு நேராகச் சொருகலாம். சூடு மட்டும் அதிகம், பின்பக்கம் கை வைக்க முடியாது. மார்ஷல் கேபினட்டில் 16 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் நான்கைக் கலந்து கட்டினால் மொத்தமும் 16 ஓம்தான் வரும். ட்வினுக்கு வேண்டியது 4 ஓம். ஓசை நன்றாக வருமே என்று இரண்டையும் சேர்த்துச் சொருகாதீர்கள். கேபினட்டைப் பற்றித் தனியாக எழுத எவ்வளவோ இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம்.

இப்போது இந்த ட்வினை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. போன தைப்பூசத்துக்கு முன்பு எங்கள் தோட்டத்துப் பையன்கள் என் அறையில் உருமி மேளம் பழகினார்கள். கித்தார் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தது, ரிவர்ப் மட்டும் 5ல். டேங்க்கை அப்போது மறுபடியும் கேபினட்டிலேயே வைத்திருந்தேன். உருமியை உரசி இழுத்த அந்த உறுமல் கிளம்பியதும் ஆம்ப்ளிஃபையர் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது! கித்தார் வால்யூம் ஸ்பிரிங்குக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிடுகிறது. ஸ்பிரிங்கிலிருந்து திரும்பி வருவதை ரிவர்ப் குமிழ்தான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே தோலின் அதிர்வு காற்று வழியாக ஸ்பிரிங்கில் ஏறி, ஒரு குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி திரும்பி வந்தது. பையன்கள் அடியை நிறுத்திவிட்டு ஆம்ப்ளிஃபையரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு அவர்களே இன்னும் பக்கத்தில் உட்கார்ந்து, குமிழைத் திருப்பித் திருப்பி வாசித்தார்கள். இன்றுவரை எந்த எஃபெக்ட் பெடலிலும் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. டியூப் ஊஞ்சலில் தொங்கும் டேங்க்கில் அது வராது என்பதுதான் வயிற்றெரிச்சல். இடியை அடக்கினால் உருமியும் அடங்கிவிடுகிறது. அதனால் டேங்க் இப்போது கேபினட்டுக்கும் ஊஞ்சலுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

சத்தம் அதிகம் என்பவர்கள் இரண்டு வால்வைக் கழற்றலாம். பக்கத்துக்கு ஒன்றாகக் கழற்றி, ஒரு ஸ்பீக்கரையும் துண்டித்தால் ஓம் கணக்கு பொருந்தும். 100 வாட் 50 ஆகும். 3 டெசிபல்தான் குறையும், காதுக்குப் பெரிய நிம்மதி கிடைக்காது. எடை 30 கிலோவை ஒட்டி. சக்கரம் போடாமல் வாங்கினால் முதுகு போய்விடும்.

ஆக, தம்பி, தெளிவான கித்தார் ஓசைக்கு இதற்கு இணையானது என் காதில் விழுந்ததில்லை. வால்யூமை 4ல் வைத்து ஒரு தந்தியைத் தட்டினால் உடம்பு சிலிர்க்கும். வாங்காதே. வாரம் ஒரு கல்யாணம், ஒரு கோயில் என்று ஓடுகிறவனுக்கு இது சரிப்படாது. ரோலண்ட் ஜேசி-120 ஒன்றைத் தேடு. 1975லிருந்து வருகிற மாடல், வால்வு இல்லை, 240 வோல்ட் மாடல் எடுத்தால் ஸ்டெப்டவுனும் வேண்டாம். எடை மட்டும் இதே மாதிரிதான். அதிலும் ஸ்பிரிங் ரிவர்ப்தான், உன் வீட்டு முன்னால் லோரி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்.