பழைய வீட்டுக்கு எது காவல்: தேசியப் பதிவேடா, நகராட்சி அறிவிப்பா?

அமெரிக்காவில் நூறு வயது தாண்டிய வீட்டை வாங்குகிறவர்கள், வாசல் சுவரில் பதித்த வெண்கலப் பலகையைப் பார்த்ததும் இனி இந்த வீட்டை யாரும் தொட முடியாது என்று நம்பிவிடுகிறார்கள். பலகை எந்தப் பட்டியலைச் சொல்கிறது என்று முதலில் பாருங்கள். தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு வேறு, இது காக்க வேண்டிய கட்டடம் என்று நகராட்சி சொல்லும் லேண்ட்மார்க் அறிவிப்பு வேறு.

தேசியப் பதிவேடு 1966-இல் வந்த சட்டத்தால் உருவானது. பொதுவாக 50 வயதாவது ஆன கட்டடங்களைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மரியாதை பெரியது, காவல் குறைவு. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலக்கும் வேலை என்றால் ஓர் ஆய்வு நடக்கும், அவ்வளவுதான். உரிமையாளர் சொந்தக் காசில் வீட்டை இடித்துத் தள்ளினால் பதிவேடு தடுக்காது. வரிச் சலுகையும் பலர் நினைப்பது போல இல்லை. சீரமைப்புச் செலவில் 20 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ளும் மத்திய அரசுத் திட்டம் வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும்தான். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்காது.

சரி, நகராட்சி அறிவிப்பு? அங்கேதான் உண்மையான அதிகாரம் இருக்கிறது. சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே பழைய பகுதி ஒன்றை வரையறுத்து, மாற்றங்களைப் பார்வையிட ஒரு குழுவை வைத்தது. நியூயார்க்கில் 1963-இல் பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டமே இல்லை. அந்த வலி ஆறுவதற்குள் 1965-இல் லேண்ட்மார்க் சட்டம் வந்தது. அதன் பலத்தில்தான் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் எழுப்பும் திட்டத்தை நகரம் மறுத்தது. 1978-இல் உச்ச நீதிமன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது.

ஆனால் எல்லா ஊரிலும் சட்டம் இவ்வளவு கறாராக இல்லை. சில இடங்களில் இடிப்பைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட மட்டுமே முடியும். உங்கள் ஊர்க் குழுவால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா, 'பொறுங்கள்' என்று மட்டும்தான் சொல்ல முடியுமா என்பதைச் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

'எங்கள் வீட்டு ஜன்னலை மாற்ற இவர்களிடம் ஏன் கேட்க வேண்டும்?' என்பதுதான் எங்கும் எழும் கோபம். நியாயமான கோபம்தான். விண்ணப்பம், வரைபடம், சில சமயம் பொது விசாரணை என்று நாள் போகும். ஆனாலும் ஒரு செங்கல் சுவரை அருகே போய்ப் பாருங்கள். பழைய செங்கல் மென்மையானது. அதன் இடுக்குகளில் இருப்பது அதைவிட மென்மையான சுண்ணாம்புக் காரை. சுவரில் ஏறும் ஈரம் அந்தக் காரை வழியாக வெளியேறும். அவசரத்தில் யாராவது கெட்டி சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் செங்கல் வழியாகப் போக ஆரம்பிக்கும். குளிரில் அது உறைந்து விரியும்போது செங்கலின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து விழும். பூசியவர் நல்ல எண்ணத்தோடுதான் பூசியிருப்பார். வேலை தொடங்குமுன் 'எந்தக் காரை?' என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்தச் சுவர் பிழைத்திருக்கும். அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்குவது உள்ளூர் ஆய்வு ஒன்றுதான். அதற்காகவே அந்தத் தாமதத்தை நான் ஏற்கிறேன்.

நகராட்சி அறிவிப்பிலும் இரண்டு வகை உண்டு. தனி வீட்டை அறிவித்தால் அந்த வீட்டுக்கு மட்டும் கட்டுப்பாடு. ஒரு பகுதியையே அறிவித்தால் பக்கத்து வீடும் விதிக்குள் வரும். தெருவின் அழகே வரிசையில்தான் இருக்கிறது என்றால் இரண்டாவதுதான் பொருந்தும். பெரும்பாலும் இந்த ஆய்வு வெளிப்புறத்தோடு நின்றுவிடும். சமையலறையை இடித்துக் கட்ட அங்கே போக வேண்டியதில்லை. கட்டட அனுமதி வேறு விஷயம்.

மூன்றாவது வழி, பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பு ஒன்றோடு ஒப்பந்தம் எழுதி, வீட்டை இஷ்டப்படி மாற்றும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுவது. அடுத்தடுத்து வாங்குகிறவர்களையும் அது கட்டுப்படுத்தும். நகராட்சிச் சட்டம் பலவீனமான ஊரில் இதைத்தான் யோசிப்பேன். ஆனால் நிரந்தரம் என்றால் நிரந்தரம்தான். வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெருமைக்கு என்றால் தேசியப் பதிவேடு போதும். உங்களுக்குப் பின் வாங்கப்போகிறவரை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள் என்றால் நகராட்சி அறிவிப்பைக் கேளுங்கள். அப்புறம் காரையோ ஜன்னலோ மாற்ற வேண்டி வந்தால், ஒப்பந்தக்காரரோடு விலை பேசுமுன் ஒரு துண்டுப் பழைய காரையையும் நான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு குழுவின் அலுவலரைப் பாருங்கள். சின்ன வேலைகளைப் பல ஊர்களில் விசாரணை இல்லாமல் அவரே முடித்துக் கொடுத்துவிடுவார்.