சோளகம், வெக்கை, கரண்ட்: பழைய கேமிங் மெஷினை நிமிர்த்தி இரண்டரை வருடம்

2014 கடைசியில் வாங்கிய மெஷின். இன்டெல் ஐ5-4460 புரொசெசர், எச்81 மதர்போர்ட், 8 ஜிபி ராம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்ட். அந்த நேரம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைப் பெடியள் பின்னேரத்தில் வந்து குந்தியிருந்து விளையாடுகிற அளவுக்கு நல்ல மெஷின். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐயும் தாண்டிப் போனதோடு, புது மெஷின் என்ற கதை இனி வீட்டில் எடுபடாது என்று விளங்கிவிட்டது. அடுத்த வருட நடுப்பகுதியில் சீட்டுக் காசு கைக்கு வந்தது. 75,000 ரூபாவுக்குள் இதையே இன்னும் சில வருடம் ஓட வைக்கலாமா என்று பார்க்கத் தொடங்கினேன்.

புதிதாகப் பாகம் போட்ட கிழமையில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். சித்திரை வெயிலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றும் வந்து போன பிறகு எது தாக்குப்பிடித்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யூடியூப்பில் யாரைப் பார்த்தாலும் முதலில் கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்வார்கள். அவர்கள் ஏசி அறையில், ஆடாத கரண்டில் இருந்துகொண்டு சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முதல் காசு பவர் சப்ளைக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. என் கேசிங்கோடு வந்த பவர் சப்ளையில் 500 வோட்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன லேபிளை வாசித்தால், 12 வோல்ட் வரிசையில் 18 அம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 216 வோட்ஸ். புரொசெசரும் கார்டும் இழுப்பது அந்த 12 வோல்டைத்தான். 750 டிஐ வெறும் 60 வோட்ஸ் கார்ட், அதற்குத் தனி வயர்கூட வேண்டாம். அதனால் இத்தனை வருடம் தப்பியது. நான் கண் வைத்திருந்த ஆர்எக்ஸ் 580 கார்ட் தனியாகவே 185 வோட்ஸ். புரொசெசருக்கு 84. அந்தப் பெட்டியில் அந்தக் கார்டைக் கொழுவியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

80 பிளஸ் பிரொன்ஸ் தரத்தில் (மின்னை எவ்வளவு வீணாக்காது என்று சொல்லும் தரம்) 550 வோட்ஸ் பவர் சப்ளை ஒன்று, புதிது, 17,000 ரூபா. "மச்சான், கார்டுக்கு வைச்ச காசிலை கால்வாசியை இந்த இரும்புப் பெட்டிக்கோ குடுத்தனி?" என்று கூட்டாளி ஒருவன் கேட்டான். ஓம், குடுத்தனான். பிறகு எப்போது மதர்போர்டை மாற்றினாலும் இது கூடவே வரும். பழைய மெஷினில் போடுகிற காசில் அப்படித் திரும்பி வருவது கொஞ்சம்தான்.

இதோடு யூபிஎஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருந்தது 650 விஏ. விஏயும் வோட்ஸும் ஒன்றல்ல. அதன் லேபிளில் 360 வோட்ஸ்தான். புதிய கார்டோடு விளையாடும்போது மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து 330ஐ எட்டும். புதிதாக இருந்தாலே மூச்சு முட்டும், பற்றரி பழசானால் கரண்ட் நிற்கிற அதே கணத்தில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். பிறகு 1,100 விஏ ஒன்று வந்தது, அப்பா தன் ரவுட்டருக்கும் சேர்த்து வாங்கினார், அது என் கணக்கில் இல்லை. இன்னொன்று: அக்டிவ் பிஎஃப்சி (மின்னைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள நல்ல பவர் சப்ளைகள் சில, மலிவான யூபிஎஸ் பற்றரியில் தருகிற கட்டம் கட்டமான மின் அலையை ஏற்காமல் நின்றுவிடும். வாங்கும்போதே இரண்டையும் கொழுவி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் சரியில்லாவிட்டால் கேசிங்கைத் தொடும்போது விரலில் மெல்லக் கடிக்கும். அதைப் பகிடியாக எடுக்காமல் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, போடாதவர்கள் இன்றைக்கே போடுங்கள். 480 ஜிபி, 11,000 ரூபா. எச்81 போர்டில் டிஸ்க் கொழுவுகிற எல்லா சாட்டா துளையும் ஒரே வேகமில்லை; 6 ஜிகாபிட் துளை இரண்டுதான், அதில் ஒன்றில் கொழுவ வேண்டும். ராம் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒன்லைனில் ஆக மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3 துண்டுகள் சில, இன்டெல்லின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியின் புரொசெசருக்கான போர்டில் மட்டும்தான் வேலை செய்யும். இன்டெல்லில் போட்டால் மெஷின் எழும்பாது. விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். எச்81 இல் இரண்டு ராம் துளைதான், 16 ஜிபிதான் எல்லை. பாவித்த 8 ஜிபி இரண்டு 9,000 ரூபாவுக்குக் கிடைத்தது.

இனிக் கார்ட். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கை (கார்டுகளை இராப்பகலாக ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் முறையை) கைவிட்ட பிறகு, உலகம் முழுக்க மைனிங்கில் கிடந்த கார்டுகள் சந்தைக்கு வந்து கொட்டுப்பட்டன. நம் கைக்கு எட்டும் விலையில் ஆர்எக்ஸ் 580 8 ஜிபியும் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபியும் வந்தது அதனால்தான். புதிய கார்ட் வேண்டுமென்றால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இருந்தது, வாரண்டியோடு. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகளில் நாலை மட்டும் பாவிக்கிற கார்ட். பிசிஐ எக்ஸ்பிரஸ் நாலாம் தலைமுறை உள்ள புதிய போர்டில் அது போதும். எச்81 இன் கார்ட் துளையோ பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறை. அங்கே அந்தக் கார்டுக்குக் கிடைப்பது அது எதிர்பார்க்கும் வேகத்தில் கால்வாசி, செக்கனுக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட். மெமறியும் 4 ஜிபிதான் என்பதால் நிரம்பி வழியும்போதெல்லாம் அந்த ஒடுங்கிய வழியால்தான் போய்வர வேண்டும். ஆர்எக்ஸ் 580 பதினாறு பாதைக் கார்ட், பழைய போர்டிலும் 8 ஜிகாபைட் கிடைக்கும். பழைய போர்டுக்குப் பழைய கார்டே பொருத்தம் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனால் மலிவாக எடுக்கலாம் என்றார்கள். புதிய சாமான் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பாவித்த கார்டை ஓட்டிப் பார்க்காமல், இரவு பஸ்ஸில் பார்சலாக எடுப்பிக்க மனம் வரவில்லை. இங்கே பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு தம்பி விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். அவர் வீட்டு விறாந்தையில், அவருடைய மெஷினிலேயே வைத்துப் பார்த்தோம். முதலில் கார்டின் விபரம் காட்டும் ஜிபியூ-இஸட் மென்பொருள். உண்மையான ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகுகள்) 2304 என்று காட்டும். 2048 என்று காட்டினால் அது சீனச் சந்தைக்கு வந்த 2048எஸ்பி, பெயர் 580, உள்ளே கிட்டத்தட்ட 570. அவருடையது 2304. பிறகு கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கை அரை மணித்தியாலம் ஓட விட்டோம். திரையில் புள்ளி, கோடு ஏதும் வருகிறதா, விசிறி இரண்டும் ஒரே சத்தமா, சூடு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தேன். 83 பாகையில் நின்றது. அந்த அரை மணித்தியாலம் அவருடைய அம்மா தந்த தேத்தண்ணியோடு போனது. மைனிங்கில் ஓடினதோ என்று கேட்டேன். "ஓம் அண்ணை, கொழும்பிலை எடுக்கேக்கையே சொல்லித்தான் தந்தவை" என்றார். மறைக்காமல் சொன்னதே நம்பிக்கை தந்தது. 29,000 ரூபா.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் வேலையாகக் கழற்றி, காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிது பூசினேன். பிறகு ஏஎம்டியின் மென்பொருளிலேயே வோல்டேஜைக் குறைத்தேன். 1,150 மில்லிவோல்டில் வந்தது, 1,060 இல் வைத்தும் அதே 1,340 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. சித்திரை மாதத்தில், அறை 33, 34 பாகையில் வேகும்போதும் கார்ட் 75ஐ அதிகம் தாண்டுவதில்லை. மின்னும் குறைவாக இழுக்கிறது. எங்கள் லைட் பில் படி படியாக ஏறுகிற பில், கடைசி யூனிட்டுகளுக்குத்தான் விலை கூட. அதனால் பிரேமையும் (செக்கனுக்குத் திரையில் வரும் படங்களை) 60 இல் கட்டிவைத்திருக்கிறேன். அம்மாவின் முகம் பில் வரும் நாளில் எப்படியிருக்கும் என்பதும் இந்த அமைப்பில் ஒரு பகுதி.

வைகாசியிலிருந்து சோளகம் தொடங்கினால் இந்தப் பக்கத்துச் செம்மண் தூசி மூடிய ஜன்னலுக்குள்ளாலும் வரும். கேசிங்கின் முன்பக்கம் பழைய நைலோன் நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக வெட்டி ஒட்டினேன். முன்னுக்கு இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்னுக்கு ஒன்று வெளியே தள்ளுகிறது. உள்ளே வருகிற காற்றுக் கூடவாக இருந்தால் இடுக்குகளால் தூசி உறிஞ்சப்படாது. மாதத்துக்கு ஒருக்கால் வலையைக் கழுவினால் சரி. உள்ளே புளோவர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டு அடிக்கக்கூடாது. பின்பக்கத்தில் மூடியில்லாத கார்ட் துளைகளையும் அடையுங்கள். சூட்டுக்குப் பல்லி வந்து படுக்கும், அது பவர் சப்ளைக்குள் போய்விட்டால் பல்லியும் போய் மெஷினும் போய்விடும். பாசையூரில் கடலோரமாக இருக்கும் கூட்டாளிக்குத் தூசி பிரச்சினையில்லை. அவனுக்கு உப்புக்காற்று, கேசிங்கின் ஆணியெல்லாம் துரு.

2023 செப்டெம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோதுதான் புரொசெசரின் வயது தெரிந்தது. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தால் ஐ5 இன் நாலு திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) 100 சதவீதத்தில், கார்ட் 60 இல் சும்மா நிற்கிறது. கார்ட் 98, 99 இல் நின்றால் கார்டைப் பாருங்கள், இப்படி நின்றால் புரொசெசரை. கடைக்குப் போக முதல் பார்க்க வேண்டியது இந்த இரண்டு இலக்கத்தையும்தான்.

இந்தப் போர்டில் ஏறக்கூடியது எட்டுத் திரெட் உள்ள ஐ7-4790. என் ஐ5 போல அதுவும் 84 வோட்ஸ், இரண்டும் ஒரே தலைமுறை, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றவும் வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறொன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன், வேலையிடத்தில் கழித்துவிட்ட ஒரு டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 இலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்தான். காசு வாங்கவில்லை, போகும்போது பனங்கட்டியும் ஒடியலும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்தோம். (அந்த 9020 ஐயே வாங்கி அதற்குள் கார்ட் போடலாமே என்பவர்களுக்கு: அதன் மதர்போர்டுக்கு வழமையான 24 பின் வயர் பொருந்தாது, டெல்லின் தனி 8 பின்.) மாற்றிய பிறகு சராசரி பிரேம் பெரிதாகக் கூடவில்லை. திக்கல் நின்றது. சண்டையின் நடுவில் அரைச் செக்கன் உறைவது இல்லாமல் போனது, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

இப்போது 1080பி திரையில் ஜிடிஏ 5 உயர்ந்த அமைப்பில் தாராளமாக 60. ரெட் டெட் ரிடெம்ஷன் 2 நடுத்தரத்தில் 50ஐ ஒட்டி. எல்டன் ரிங் பெரும்பாலும் 50க்கு மேல். எஃப்எஸ்ஆர் (சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி) உள்ள கேம்களில் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். எல்லை எங்கே என்றால், இந்தக் கார்டில் ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லை. இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சேர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போல அது கட்டாயமென்று வருகிற கேம்கள் தொடங்கவே மாட்டா. இனி அப்படி வருபவை கூடத்தான் செய்யும். ஏஎம்டியும் 2023 கடைசியிலிருந்து இந்தத் தலைமுறைக்கான டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) ஒதுக்கி வைத்துவிட்டது. 1060 எடுத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது, என்விடியா 2025 ஒக்டோபரோடு அதற்கான புதிய கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது.

பெரிய தலையிடி விண்டோஸ். விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. நீடித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்ததால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது, என்னுடையது நாலாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் அங்கே டிபிஎம் இல்லாமல் வலோரன்ட் என்ற கேம் ஓடாது, என் தம்பி வீட்டை இரண்டாக்கிவிடுவான். எனக்கு மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியில் விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். ஆர்எக்ஸ் 580 க்கான டிரைவர் அதற்குள்ளேயே வருகிறது, ஸ்டீம் என்ற கேம் கடையில் உள்ளவை பெரும்பாலும் ஓடுகின்றன.

அடுத்த பாய்ச்சல் ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசெசராக இருக்கலாம், அதற்குப் போர்டும் ராமும் சேர்த்து மாற்ற வேண்டும். பவர் சப்ளை, எஸ்எஸ்டி, கேசிங் அப்படியே போகும். கார்ட் இடையில் செத்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். மலிவென்று இன்டெல்லின் சேவர் புரொசெசரான சியோன் இ3-1231 வி3 ஐப் பலர் சொன்னபோது நான் ஐ7 க்காகக் காத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தச் சியோனில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, 4790 இல் எச்டி 4600 இருக்கிறது. கேபிளை மதர்போர்டுக்கு மாற்றிக் கொழுவினால் வேலை நடக்கும், அடுத்த கார்ட் வாங்கும்வரை கேம் மட்டும் இல்லை.