3-பிஜி எக்செல் கோப்பு: குளிர்நிலத் தைலமரக் கணக்குக்கு எவ்வளவு தூரம் உதவும்?

காட்டின் வளர்ச்சியைக் கணிக்க லேண்ட்ஸ்பெர்க், வாரிங் என்ற அறிவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட 3-பிஜி கணக்கு முறையை பீட்டர் சாண்ட்ஸ் எக்செல்லில் கட்டித் தந்ததுதான் 3பிஜிபிஜேஎஸ். மேக்ரோவை (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) அனுமதித்தால்தான் ஓடும். மாதவாரியாக வெயில், வெப்பம், மழை, உறைபனி நாட்களைக் கொடுத்தால் மரத்தின் விட்டத்தையும் ஹெக்டேருக்கு எத்தனை கனமீட்டர் மரம் என்பதையும் சொல்லிவிடும். இரண்டு இடங்களில் எது தேறும், ஏன் தேறும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான கருவி கிடைப்பது அரிது. மரத்தை விலை பேச மட்டும் இதன் எண்ணை நேரடியாக எடுக்கக் கூடாது.

குளிர்நிலத்தில் இடறுவது வெப்பத்தில்தான். குளோபுலஸுக்கான (நம் நீலகிரித் தைலமரம்) அளவுருக்களில் (கோப்பில் மரவகைக்கு ஏற்பப் போடும் எண்கள்) வளர்ச்சிக்கான வெப்பம் குறைந்தபட்சம் 8.5 டிகிரி, உகந்தது 16, உச்சம் 40. மாதச் சராசரி 12 டிகிரி என்றால் வெப்பக் காரணி (உகந்த வெப்பத்தில் 1) 0.76, 10 டிகிரிக்கு 0.41, 8.5-க்குச் சுழி. தோட்டம் வானிலை நிலையத்தைவிட 300 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 2 டிகிரி குறையும். அதைக் கழிக்காமல் விட்டால் அந்த மாத வளர்ச்சி ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். தாஸ்மேனியாவின் மேட்டுநிலத்தில் நடும் நைட்டன்ஸ் என்ற இன்னொரு தைலமரம் இன்னும் குளிர் தாங்கும்; அதற்குக் குளோபுலஸின் எண்களை அப்படியே போட்டால் குளிர்கால வளர்ச்சி காணாமல் போகும்.

அடுத்தது உறைபனி அளவுரு. அது 1 என்றால், மாதத்தில் 6 உறைபனி நாட்கள் விளைச்சலை 0.8 மடங்காக்கும். 0 என்றிருந்தால் பனி நாட்களை எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் பயனில்லை. முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். மழையை மாத மொத்தமாகவும், வெயிலை (கதிர்வீச்சு) நாள் சராசரியாகவும் போட வேண்டும். இது மாறிப்போவது அடிக்கடி நடக்கும்.

மண்வளத்தை 0 முதல் 1 வரை நாமே மதிப்பிட்டுப் போட வேண்டும். எங்களுக்கு உறுத்தும் இடம் இதுதான்: எந்த மண் பரிசோதனையும் அந்த எண்ணை நேராகத் தராது. 11.28 மீட்டர் ஆரத்தில் (0.04 ஹெக்டேர்) வட்டங்கள் போட்டு, 1.3 மீட்டர் உயரத்தில் விட்டம் அளந்து, கணிப்பு அதோடு ஒத்துவரும்வரை வளத்தைத் திருத்துவதே வழி.

விட்டத்திலிருந்து தண்டு எடைக்கு 0.095 × விட்டம்^2.4. 20 செ.மீ. மரத்துக்கு 126 கிலோ உலர் எடை. இதில் பட்டையும் கிளையும் சேர்ந்திருக்கும். 15 சதவீதம் கழித்து, கனமீட்டருக்கு 450 கிலோ என வகுத்தால் 0.24 கனமீட்டர்.

நீலகிரியில் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்க விடும் தோட்டங்களுக்கு இதை அப்படியே ஓட்டாதீர்கள். கோப்பு நாற்றின் சிறு வேரிலிருந்து தொடங்குகிறது. அங்கே முழு வேரும் ஏற்கெனவே மண்ணில் இருக்கிறது.