நோட்டீஸா, விசாரணையா, பேசி முடிப்பதா?

சிங்கப்பூரில் தேக்கா உணவகமோ துவாஸ் பட்டறையோ, ஊழியரை வேலையிலிருந்து அனுப்ப நினைக்கும் முதலாளி வழக்கறிஞரிடம் வருவதற்குள் பெரும்பாலும் நீக்கக் கடிதம் போய்விட்டிருக்கும். பணிநீக்கப் புகார் முதலில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த முத்தரப்பு அமைப்பின் சமரசத்துக்குப் போகும். தீராவிட்டால் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நிறுவனத்தின் ஆள்தான் பேசவேண்டும். ஆகவே எந்த வழி என்பதைக் கடிதத்துக்கு முன்பே முடிவு செய்யவேண்டும்.

செலவு குறைந்த வழி நோட்டீஸ், அதாவது வேலை முடியும் நாளை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பது. ஒப்பந்தத்தில் காலம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு. எழுதாவிட்டால் 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு 1 நாள், 2 ஆண்டுக்குள் 1 வாரம், 5 ஆண்டுக்குள் 2 வாரம், அதற்குமேல் 4 வாரம். அந்த நாட்களின் சம்பளத்தைக் கொடுத்து அன்றே அனுப்பவும் செய்யலாம். காரணம் சொல்லாத நோட்டீஸை முறையானது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். கெடுவது எங்கே? மரியாதைக்காகச் சேர்க்கும் ஒரு வரியில்: “தங்கள் வேலைத்திறன் போதவில்லை.” அதே மேலாளர் டிசம்பரில் ‘நன்று’ என்று மதிப்பிட்டு போனஸுக்கும் கையெழுத்துப் போட்டிருப்பார்! சொன்ன காரணம் பொய்யென நிரூபணமானால் நீக்கமே தவறாகிவிடும். தாளில் காட்ட முடியாததை எழுதாதீர்கள். ஆனால் உண்மையான காரணம் கர்ப்பமோ வயதோ என்றால் மௌனமும் காப்பாற்றாது.

கல்லாவில் கைவைத்தவருக்கு நோட்டீஸ் சம்பளம் எதற்கு என்பவர்களுக்கு விசாரணை இருக்கிறது. குற்றச்சாட்டைத் தேதி, தொகையோடு எழுத்தில் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் தந்து, நடந்ததைக் குறித்துவைக்கவேண்டும். விசாரணைக்காக 1 வாரம் வரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கலாம், அரைச் சம்பளத்துக்குக் குறையாமல். குற்றம் இல்லையென்றால் பிடித்ததைத் திருப்பித் தரவேண்டும். புகார் கொடுத்த சூப்பர்வைசரே விசாரிப்பதும், பதில் வருமுன் நீக்கக் கடிதத்தை அச்சடித்துவைப்பதும் வலுவான வழக்கையும் கவிழ்க்கும். நீக்கினால் கடைசிச் சம்பளம் அன்றே, முடியாவிட்டால் 3 வேலைநாளுக்குள்.

பேசி முடிப்பது பணத்தில் கூடுதல், நிம்மதியும் கூடுதல். மூத்த மேலாளர்களுக்கு இதுவே பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு. தொகை, மிச்ச விடுப்புக்கான பணம், நற்சான்றுக் கடிதத்தின் வாசகம் எல்லாம் உடன்பாட்டில் வரட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடுங்கள். அறைக்கதவைச் சாத்தி “ராஜினாமா எழுது, இல்லாவிட்டால் நீக்குவேன்” என்று மிரட்டி வாங்கும் கையெழுத்து பணிநீக்கமாகவே பார்க்கப்படலாம்.

வேலையே இல்லாமல் போயிருந்தால் அது ஆட்குறைப்பு, வேறு கணக்கு. குறைந்தது 10 பேர் உள்ள நிறுவனம், ஊழியரிடம் சொன்ன 5 வேலைநாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும்.

எந்த வழியானாலும், தவறான நீக்கம் என்று புகார் செய்ய ஊழியருக்குப் பொதுவாகக் கடைசி வேலைநாளிலிருந்து 1 மாதம் உண்டு. கடையின் கேமரா அதற்குமுன்பே பழைய பதிவை அழித்துவிடக்கூடும். விசாரணை தொடங்கும் நாளிலேயே பிரதி எடுத்துவையுங்கள்.