அம்பு இடம் மாறும் இண்டிகேட்டர்: ஒரு பங்குச்சந்தைப் பயிற்சியைப் பற்றிய எச்சரிக்கை

பங்குச்சந்தையில் தாமே கற்று, தாமே முடிவெடுத்து முதலீடு செய்ய விரும்புவோருக்கென நடத்தப்படும் ஒரு கட்டணப் பயிற்சியில் பணம் கட்டி ஏமாற்றப்பட்டேன். நடத்துபவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே முறையில் விற்பவர்கள் பலர் இருப்பதால், அந்த முறையைத் தெரிந்துகொள்வதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைகளைப் படிக்கக் கற்றுத்தருவதாகத்தான் விளம்பரம் சொன்னது. உள்ளே போய்ப் பார்த்தால், நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்புக்கு ஒரு சிறு காணொளி இருந்தது. பணப்புழக்க அறிக்கையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கணக்கில் லாபம் காட்டும் நிறுவனத்தின் கைக்கு உண்மையில் பணம் வந்து சேர்கிறதா என்பதை அந்த அறிக்கைதான் சொல்லும் என்பதால், இதைச் சிறிய குறை என்று விட்டுவிட முடியாது. மற்ற பாடங்கள் எல்லாம், தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த ஒரு 'பிரத்யேக' இண்டிகேட்டரையே, அதாவது எப்போது வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று சார்ட்டில் (விலை வரைபடத்தில்) அம்புக்குறி இட்டுக் காட்டும் கருவியையே, சுற்றிவந்தன.

பழைய சார்ட்டில் அது வியக்கவைக்கும். விலை இறங்கி நின்ற ஒவ்வொரு பள்ளத்திலும் பச்சை அம்பு, ஏறி நின்ற ஒவ்வொரு உச்சியிலும் சிவப்பு அம்பு, ஒன்றுகூடத் தவறியிருக்காது. சந்தை நடந்துகொண்டிருந்த நேரத்தில் பச்சை அம்பு ஒன்று தோன்றியவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். விலை மேலும் இறங்கியது. அம்பு அந்த கேண்டிலை (சார்ட்டில் ஒரு குறிப்பிட்ட நேரத்து விலை நகர்வைக் காட்டும் பட்டையை) விட்டு மறைந்து, அதைவிடத் தாழ்ந்த புதிய கேண்டிலின் அடியில் போய் நின்றது. சந்தை முடிந்தபின் பார்ப்பவருக்கு, அது தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்ததுபோலத் தோன்றும். இதை 'ரீபெயிண்ட்' என்பார்கள். சார்ட் மென்பொருள்களில் இலவசமாகவே கிடைக்கும் ஜிக்ஜாக் இண்டிகேட்டரும் இப்படித்தான் இயங்குகிறது. பின்னால் வரும் விலைகளைப் பார்த்த பிறகே கடைசி உச்சியையோ பள்ளத்தையோ அது உறுதிசெய்கிறது. முடிந்துபோன ஏற்ற இறக்கங்களை அளக்க அது நல்ல கருவி. அதையே 'இப்போது வாங்கு' என்று சொல்லும் கருவியாக விற்பது மோசடி.

ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பயிற்சிக் குழுவில் போட்டு விளக்கம் கேட்டேன். முதலில் அந்தப் பதிவை நீக்கினார்கள், பிறகு என்னையும் நீக்கினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதல் காணொளியைத் திறந்ததுமே அந்த உரிமை போய்விட்டது என்று பதில் வந்தது. அந்த நிபந்தனையோ பணம் செலுத்தும் பக்கத்தில் இல்லை, ரசீதோடு வந்த மின்னஞ்சலில்தான் இருந்தது.

பணம் போனதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த அம்புகள் ஊட்டும் பழக்கம். அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றில் 66,465 குடும்பங்கள் வைத்திருந்த கணக்குகளை, 1991 முதல் 1996 வரையிலான காலத்துக்கு ஆராய்ந்த பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடீன் ஆகியோர், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதம் ஈட்டியபோது சந்தை 17.9 சதவீதம் ஈட்டியதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அடிக்கடி வாங்கி விற்பதால் உறுதியாகச் சம்பாதிப்பவர் தரகர்தான். தாங்கள் தரும் இணைப்பின் வழியாகவே தரகுக் கணக்குத் தொடங்க வேண்டும் என்று இந்தப் பயிற்சியை நடத்துபவர்கள் பாடந்தோறும் வற்புறுத்தியதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இத்தகைய பயிற்சியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்கள், அம்பு தோன்றும் கணத்திலிருந்து, நேரமும் தெரியும்படி திரையைப் பதிவுசெய்து வையுங்கள். விளம்பரத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள். கார்டில் பணம் செலுத்தியிருந்தால், வங்கியிடம் முறையிடும்போது இவை இரண்டும் தேவைப்படும்.